ஞாயிற்றுக்கிழமைக் கை

மார்ச் 6, புதன் (சாம்பல் புதன்)

காலை ஆராதனைக்கு முப்பத்தொரு பேர். லெந்து என்கிற தவக்காலத்தின் நாற்பது நாளும் ஆளுக்கு ஒன்றை விட்டுவிட வேண்டும் என்று பிரசங்கித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் மனைவி புஷ்பம் காபியை விட்டுவிட்டாள். காபி போடுகிறவள் அவள் என்பதால் நானும் விட்டவனாகிறேன். கட்டாய விரதம் கணக்கில் சேராது என்பதற்காக, தினம் கொஞ்சம் எழுதுவது என்று இந்த டைரியை எடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பாளையங்கோட்டைக்குப் போய் வந்ததை எழுத வேண்டும். வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இருக்கும்போது தம் பாட்டுக்கு உரசிக்கொள்கின்றன, பீடி சுற்றுகிறவர்களின் விரல் மாதிரி. நவம்பரிலிருந்து இப்படித்தான். டாக்டர் நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார். எழுதியதைப் பார்த்துவிட்டு, "எப்பவுமே இவ்வளவு பொடிசாத்தான் எழுதுவீங்களா சார்?" என்று கேட்டார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. நரம்பு சம்பந்தப்பட்டது, முழுதாகக் குணமாகாது, மாத்திரையில் கட்டுப்படும். அவ்வளவு போதும்.

மாத்திரை நாளைக்கு மூன்று. ஆரம்பத்தில் தூக்கக் கலக்கம் இருக்குமாம். ஞாயிறு கழியட்டும், திங்கள் முதல் போடலாம் என்று இருக்கிறேன். எங்கள் கோயிலில் பிரசங்க நேரத்தில் தூங்கும் உரிமை சபையாருக்கு மட்டும்தான்.

மார்ச் 9, சனி

தண்ணீர்த் தொட்டி கழுவியாயிற்று. நாளைய பிரசங்கம்: பொறுமை. புதிதாக எழுத மனமில்லை. பதினோரு வருடத்துக்கு முன் வேறு ஊரில் இருந்தபோது எழுதியது, மஞ்சள் பூத்த தாளில் அப்படியே இருக்கிறது. ஒரு தோட்டக்காரர் வானத்தைப் பார்த்தபடி மழைக்குக் காத்திருக்கிற கதை நடுவில் வரும். அன்று அதைக் கேட்டு முன்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார். பொறுமையைப் பற்றிய பிரசங்கம் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

நான் கையை ஆட்டிப் பேசுகிறவன் அல்ல. இறையியல் கல்லூரியில் முதல் பிரசங்கத்தின்போது கையை வீசினேன். பேராசிரியர் "கைகளை அடக்குக" என்று சிவப்பு மையில் எழுதித் தந்தார். அன்று பிரசங்க பீடத்தின் இரண்டு விளிம்பையும் பிடித்தவன், முப்பத்திரண்டு வருடமாக விடவில்லை. "கப்பல்ல போறவன் கம்பியப் பிடிச்ச மாதிரி" என்பாள் புஷ்பம். கன்வென்ஷன் கூட்ட மேடையில் கையை விசிறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அவர்களுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது.

மார்ச் 10, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிரசங்கம் பாதி வந்திருக்கும். வலது கை பீடத்தின் மரத்தில் தட்ட ஆரம்பித்தது. மைக் அந்தச் சத்தத்தைப் பிடித்து, டக் டக்கென்று கோயில் முழுக்கக் கேட்டது. சத்தத்தை நிறுத்துவதற்காகத்தான் கையைத் தூக்கினேன். வேறு எந்த நோக்கமும் இல்லை. தோட்டக்காரர் வானத்தைப் பார்க்கிற இடம் அது. தூக்கிய கை சில விநாடி அசையாமல் நின்றது. பிறகு நடுங்கத் தொடங்கியது. இறக்கினால் மறுபடியும் தட்டும். என்ன செய்வதென்று தெரியாமல் தூக்கியபடியே, "மழை வரும் என்று காத்திருந்தார்" என்று வாசித்தேன்.

கோயிலில் ஒரு சத்தமில்லை. யாரோ ஒரு பெண் "ஸ்தோத்திரம்!" என்றாள். எங்கள் சபையில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால்தான் யாரும் அப்படிச் சொல்வது வழக்கம். கண்ணாடிக்கு மேலே பார்த்தேன். அத்தனை கண்களும் என் கையில் இருந்தன. ஒருவர்கூடத் தூங்கவில்லை.

வாசலில் சபைச் செயலாளர் டார்வின் அண்ணாச்சி என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெயர்தான் டார்வின், குரங்குக் கதையையெல்லாம் நம்பாதவர்.

"ஐயா, இன்னைக்கு ஆவியானவர் உங்க கையில எறங்குனத கண்ணால கண்டோம்."

"இல்ல அண்ணாச்சி, அது வந்து..."

அவருக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அப்புறம் விளக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 11, திங்கள்

மாத்திரை ஆரம்பம்.

மார்ச் 14, வியாழன்

எங்கள் சபையில் விவசாயம் பார்க்கிற தங்கையா வந்தார். இருநூறு முருங்கைக் கன்று நட்டுவிட்டாராம். கிணறு வற்றிக் கிடக்கிறதே, எந்தத் தைரியத்தில் நட்டீர் என்று கேட்டேன்.

"நீங்கதான மழ வரும்னிய?"

"பொறுமையா இருக்கணும்னு சொன்னேன் தங்கையா. மழைங்கிறது கதையில வருது."

"வாய் எதையோ சொல்லிச்சு ஐயா. கை மழைக்குத்தான ஆடுச்சு!"

விசாரித்துப் பார்த்தேன். பொறுமை என்ற சொல் பிரசங்கத்தில் இருபது தடவையாவது வந்திருக்கும். யாருக்கும் நினைவில்லை. மழை இரண்டே தடவைதான் வந்தது. ஊர் முழுக்க அதுதான் பேச்சு. கை எந்தச் சொல்லில் எழுந்ததோ அந்தச் சொல்தான் அவர்களோடு வீட்டுக்குப் போயிருக்கிறது. பதினோரு வருடத்துக்கு முன் இதே தாள், இதே குரல். ஒரு சொல்கூட மாறவில்லை. இவ்வளவு நாளாக நான் எழுதி எழுதித் திருத்தியதெல்லாம் எதற்கு என்று கொஞ்சம் கோபம் வந்தது.

மார்ச் 16, சனி

விரல் அடங்கிவிட்டது. கையெழுத்தும் பழையபடி பெரிதாகி வருகிறது. புஷ்பம் சந்தோஷப்பட்டாள். நானும்தான்.

மார்ச் 17, ஞாயிறு

கோயில் நிறைந்திருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். மன்னிப்பைப் பற்றிப் பேசினேன். நன்றாகத் தயாரித்த பிரசங்கம். பத்து நிமிடம் என் கையையே பார்த்தார்கள். அது பீடத்தின் மேல் சாதுவாகக் கிடந்தது. பிறகு ஒவ்வொருவராக ஜன்னலைப் பார்த்தார்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். இருபதாம் நிமிடத்தில் முதல் தலை சாய்ந்தது.

ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் நானாகவே வலது கையைத் தூக்கிப் பார்த்தேன். அது ஆடாமல் நின்றது.

"எதுக்கு நடுவுல பஸ்ஸுக்குக் கை காட்டுனீங்க?" என்று சாப்பாட்டு நேரத்தில் புஷ்பம் கேட்டாள். கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, ரசத்தை ஊற்றினாள்.

டார்வின் அண்ணாச்சி சாயங்காலம் வந்து அக்கறையாக விசாரித்தார். "ஐயாவுக்கு இன்னைக்கு ஒடம்புக்கு முடியலையோ?"

மார்ச் 23, சனி

நேற்று இரவு மாத்திரையும் இன்றைய மூன்றும் விட்டுப்போயின. வேலை மிகுதி. காலையில் தபால் அலுவலகம் போய் வந்தேன். மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினேன். சாயங்காலம் ஜன்னல் கொக்கி ஒன்று சரிசெய்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

பேசினேன். கேட்டார்கள். முப்பத்திரண்டு வருடத்தில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்காக ஒரு கூட்டம் காத்திருந்தது இதுதான் முதல் தடவை. கையை உயர்த்தி, நடுக்கம் வரும் வரை கொஞ்சம் நிறுத்தி, வந்ததும் முக்கியமான சொல்லைச் சொன்னால் அது நேரே போய்ச் சேருகிறது. தயங்கித் தயங்கிப் பேசுகிற எனக்கு இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமல் போயிற்று.

மன்னிப்பு பற்றிய போன வாரப் பிரசங்கத்தையே கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் ஏழு வருடம் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இருவர் கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள். இதைப் பொய் என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 26, செவ்வாய்

செல்வகனி வந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்த வீட்டில் தையல் தைக்கிறவள். புருஷன் சவூதியில் டிரைவர். கூடவே மகள் பெனிட்டா, பதினொரு வயது. பிள்ளைக்கு வலிப்பு உண்டு. நாலு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள்.

"மாத்திர போட்டா வலிப்பு வரல ஐயா. ஆனா பிள்ள எந்நேரமும் தூங்கி வழியுதா. மொத மார்க் எடுத்தவ இப்ப வாசிக்கவே திணறுதா. 'மந்தமா இருக்கா, வேற பள்ளிக்கூடம் பாருங்க'ன்னு டீச்சர் சொல்லிட்டாவ." அழாமல்தான் சொன்னாள். "ஒரு தடவ உங்க கைய அவ தலையில வச்சிருங்க. அது போதும்."

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜெபிக்கிறவன்தானே, வைத்தேன். செவ்வாய்க்கிழமை என்பதால் கை அவ்வளவாக ஆடவில்லை. ஆனால் செல்வகனி பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆடியது. எப்படி என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பெனிட்டா சிரித்துவிட்டாள். "கிச்சுக்கிச்சு மூட்டுது" என்றாள்.

மார்ச் 30, சனி

மாத்திரை மறந்தது.

மார்ச் 31, ஞாயிறு

வெளியே பந்தல் போட்டிருக்கிறார்கள். ஆராதனைக்குப் பிறகு வரிசையில் நிற்க வைத்துக் கை வைத்து ஜெபிக்க வேண்டும் என்று கமிட்டி தீர்மானம். முப்பதுக்கும் மேல் தலைகள். தோள் வலி.

ஏப்ரல் 3, புதன்

கடையில் செல்வகனியைப் பார்த்தேன். முகம் மலர்ந்திருந்தது.

"பிள்ள நல்லாயிருக்கா ஐயா. வாசிக்கா. காலையில எழுப்பாமலே எழும்புதா. இனிமே எல்லாம் ஆண்டவர் கையிலதான், வேற எதையும் நம்பப்போறதில்ல."

நல்லது என்றேன். 'வேற எதையும்' என்றாளே, அது என்ன என்று கேட்டிருக்கலாம். வெயில் கடுமையாக இருந்தது. வெள்ளரிக்காய் இரண்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஐந்து வேன்கள். திருமண்டல அலுவலகத்திலிருந்தே போன் வந்தது. பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையைப் படம் பிடிக்கலாமா என்று கேட்டார்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் எனக்குப் போன் செய்தது இடமாற்றத்துக்கு மட்டும்தான்.

ஏப்ரல் 9, செவ்வாய்

புஷ்பம் முப்பது வருடம் கணக்கு டீச்சர். மாத்திரை அட்டைகளை மேஜையில் வரிசையாக வைத்திருந்தாள்.

"பதினஞ்சு மிச்சம்."

"மறந்துபோயிருக்கும்."

"மூணு வாரம். வாரத்துக்கு அஞ்சு. வெள்ளி ராத்திரி, சனி மூணு, ஞாயிறு காலையில ஒண்ணு." அவள் குரலை உயர்த்தவில்லை. "மறதிக்குக் கிழமை தெரியுமாங்க?"

செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனேன். திரும்பி வந்தபோது அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சாயங்காலம் சட்டைப் பொத்தான் போட முடியாம நிக்கும்போது நான்தான் போட்டு விடுதேன். ஊரு அதப் பாத்து ஸ்தோத்திரம் சொல்லுது. நான் யார்கிட்டச் சொல்ல?"

சபைக்கு இப்போதுதான் ஒரு எழுச்சி வந்திருக்கிறது என்று சொன்னேன். எனக்கே அது டார்வின் அண்ணாச்சி பேசுவது போலக் கேட்டது.

ஏப்ரல் 12, வெள்ளி

இரவு மாத்திரை போட்டேன். புஷ்பம் பக்கத்திலேயே நின்றாள்.

ஏப்ரல் 13, சனி

காலைச் சாப்பாடு முடியவில்லை, பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் சைக்கிளில் வந்தார். பெனிட்டாவுக்கு வலிப்பு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தையல் மெஷினுக்குக் கீழே கிடந்தாள். நின்றது, நின்றதும் மறுபடியும் வந்தது. நின்று நின்று வந்தது. டார்வின் அண்ணாச்சியின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். பின்சீட்டில் அவள் தலை என் மடியில் இருந்தது. என் கையை அதன் மேல் வைக்கப் பயமாயிருந்தது. இடது கையால்தான் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது ஊசிக்குத்தான் நின்றது. டாக்டர் அம்மா வெளியே வந்து கேட்டார். "மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?"

செல்வகனி என்னைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வையாக இருந்தால் தாங்கியிருப்பேன். சாட்சிக்குக் கூப்பிடுகிற பார்வை அது.

"ஐயா கை வச்ச அன்னைக்கு ராத்திரியில இருந்து."

டாக்டர் அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. "இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா பிள்ளை கிடைச்சிருக்காது" என்றார். இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் பிள்ளை கண்ணைத் திறந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தோம். வந்த பிறகுதான் என் மாத்திரை நினைவுக்கே வந்தது. காலையிலும் இல்லை, மதியமும் இல்லை. அட்டையைத் தேடினால் சட்டைப் பையில் இல்லை, ஆஸ்பத்திரி ஓட்டத்தில் எங்கேயோ விழுந்திருக்கிறது. புதியது நாளைக்குத்தான் வாங்க வேண்டும். உண்மையாகவே மறந்தது இன்றைக்குத்தான்.

ஏப்ரல் 14, ஞாயிறு (குருத்தோலை ஞாயிறு)

பவனி முடிந்து எல்லாரும் ஓலையும் கையுமாக உட்கார்ந்தார்கள். எழுதிக் கொண்டுபோன பிரசங்கத்தைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

"எனக்கு நடுக்குவாதம்" என்றேன். "பாளையங்கோட்டையில டாக்டர் பார்த்துச் சொன்னது. நீங்கள் என் கையில் பார்த்தது ஆவியானவர் அல்ல, நரம்பு வியாதி. மாத்திரை போட்டால் நின்றுவிடும். யாரும் எதற்காகவும் உங்கள் மருந்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தியிருந்தால் இன்றைக்கே மறுபடியும் ஆரம்பியுங்கள்."

இதைச் சொல்லும்போது கை ஆடியது. இதுவரை ஆடாத மாதிரி, முழங்கை வரைக்கும் ஆடியது. இடது கையால் அமுக்கிப் பிடித்தேன். இரண்டும் சேர்ந்து ஆடின. முன்வரிசையில் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு பின்வரிசையிலும். குருத்தோலைகள் மேலே எழுந்தன. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று கோயில் அதிர்ந்தது.

அறிவிப்பு நேரத்தில் டார்வின் அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "நம்ம ஐயா எவ்வளவு தாழ்மையாத் தன்ன ஒடுக்கிப் பேசுனாவன்னு பாத்தீங்க. வியாதியச் சொமந்துகிட்டே நமக்காக நிக்காவ. இதவிட அடையாளம் வேற என்ன வேணும்?"

அவர் நல்ல மனிதர். நேற்று கார் ஓட்டியவர், டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவர். அவரே இப்படி நினைத்தால் மற்றவர்களை என்ன சொல்ல? நான் வாயால் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், என் கை ஆமாம் என்றது. அவர்கள் கையை நம்பினார்கள். நம்பப் பழக்கியவன் நான்தான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

பெனிட்டா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஞாயிறு மதியத்திலிருந்து நானும் வேளை தப்பாமல் போட்டு வருகிறேன். கை அடங்கி வருகிறது.

ஏப்ரல் 17, புதன்

புஷ்பம் இட்லி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"மாத்திரைய டப்பாவோட பீரோ மேல தூக்கி வச்சிருக்கா. நேத்துல இருந்து குடுக்கல. 'சாத்தான் என் விசுவாசத்தச் சோதிக்கான், இப்ப விட்டுட்டா எல்லாம் போயிரும்'ங்கா. நீங்க வியாதின்னு சொன்னதச் சொன்னேன். 'ஐயா அப்படித்தான் சொல்லுவாவ, பெரியவங்க தன்னப் பெருமையாச் சொல்ல மாட்டாவ'ன்னுட்டா."

டாக்டருக்குப் போன் செய்யலாம், புருஷனுக்கு சவூதிக்குப் போன் செய்யலாம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். புஷ்பம் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ உங்க வாய நம்ப மாட்டா. ஆடுன கையப் பாத்தவ, அது நிக்கிறதையும் பாக்கட்டும்."

நாளைக்கு அவள் முன்னால் கை ஆடி நிற்க வேண்டும் என்பதற்காக மதியத்திலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டேன். அந்த ஒரு நாளைக்குள் பெனிட்டாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்து கொஞ்சம் தாங்கும், ஆனால் நாளைக்கு மேல் தள்ளாதீர்கள் என்றார்.

இன்று மாத்திரையை மறக்கவில்லை. வேண்டுமென்றே போடவில்லை. அந்த மூன்று வாரமும் மறக்கவில்லை. இதை எழுதக் கிட்டத்தட்ட நாலு வாரம் ஆகியிருக்கிறது.

ஏப்ரல் 18, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு இருவரும் போனோம். செல்வகனி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பெனிட்டா கட்டிலில் சாய்ந்து கதைப் புத்தகம் வைத்திருந்தாள். உதட்டைக் கடித்த புண்ணால் உதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தாள், மறுபடியும் தலையில் கை வைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாள் போலும்.

தையல் மெஷின் பலகை மேல் என் வலது கையை வைத்தேன். அது ஆடியது. பலகையிலிருந்த கத்தரிக்கோலும் சேர்ந்து ஆடியது. செல்வகனி உடனே தலையில் முக்காடு போட்டுக் கண்ணை மூடினாள்.

"கண்ணத் திறம்மா. ஜெபிக்க வரல. நல்லாப் பாரு." பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் காட்டினேன். "இது எனக்கு டாக்டர் குடுத்த மாத்திரை. இப்ப உன் முன்னால போடுதேன். ஒரு மணி நேரம் இங்கேயே இருக்கேன். நீ இந்தக் கையையே பாத்துக்கிட்டிரு."

போட்டேன். புஷ்பம் தண்ணீர் தந்தாள்.

ஒரு மணி நேரம் என்பது பிரசங்கத்தைவிட நீளம். செல்வகனி முதலில் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். பிறகு தைத்துப் பாதியில் விட்ட ஜாக்கெட் ஒன்றை மடியில் வைத்துக் கொக்கி தைத்தாள். இரண்டு தையலுக்கு ஒரு தடவை என் கையைப் பார்த்தாள். புஷ்பம் கீரை ஆய்ந்தாள். பெனிட்டா கதையைச் சத்தமாக வாசித்தாள். திணறாமல், நன்றாகவே வாசித்தாள். அதைக் கேட்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாத்திரையைக் கொடுக்கச் சொல்லி, இந்த வாசிப்பைத்தான் நான் அந்தத் தாயிடமிருந்து பறிக்க வந்திருக்கிறேன்.

மூன்று வாரம் ஒவ்வொரு சனிக்கிழமையும், நாளைக்கு இது ஆட வேண்டும் என்று மனதுக்குள் ஆசைப்பட்டிருக்கிறேன். இன்று, நிற்க வேண்டும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். பத்து மணிக்கும் நிற்கவில்லை. ஒருவேளை நிற்காமலே போய்விட்டால் இந்தப் பிள்ளையின் கதி என்ன?

பத்தேகாலுக்கு மேல் கத்தரிக்கோலின் சத்தம் குறைந்தது. சுண்டுவிரல் முதலில் அடங்கியது. பெருவிரல் கொஞ்ச நேரம் தனியாக ஆடிக்கொண்டிருந்துவிட்டு அதுவும் ஓய்ந்தது. கையைத் தூக்கி அவள் முன்னால் நீட்டினேன். அது வெறும் கையாக நின்றது.

செல்வகனி ஊசியைக் கீழே வைத்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"எம் பிள்ள தலையில ஆடுனது இந்தக் கைதான ஐயா?"

"இதே கைதாம்மா."

"அப்ப... அன்னைக்கு அவளுக்கு ஒண்ணும் நடக்கலையா?"

"நடக்கல."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. பார்த்தேன். பார்க்க வேண்டியவன் நான்தான்.

"இன்னொண்ணும் கேளு. கோயில்ல அதச் சொல்லல. ஞாயித்துக்கெழம கை ஆடணும்னுதான் வெள்ளிக்கெழம ராத்திரியில இருந்து மாத்திரய நிறுத்தினேன். வாராவாரம். நான் பேசினா எல்லாரும் கேக்கணும்னு ஆச. அந்த ஆசைக்கு உம் பிள்ளயக் கொண்டுபோய் வச்சிட்டேன். என்ன மன்னிக்கணும்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

அவள் ஜாக்கெட்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். புஷ்பம் எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

வெகு நேரம் கழித்து செல்வகனி எழுந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்து டப்பாவை எடுத்தாள். டாக்டர் அம்மாவிடம் போய் தூக்கம் வராத மருந்தாக மாற்ற முடியுமா என்று சனிக்கிழமை கேட்கலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம், ஐயரம்மா மட்டும் வந்தால் போதும் என்று புஷ்பத்தைக் காட்டினாள். மாத்திரையைப் பெனிட்டாவிடம் கொடுத்தாள்.

பெனிட்டா அதை வாயில் போடாமல் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒங்க மாத்திர கசக்குமா?"

"கசக்கும்."

"தெனமும் போடணுமா?"

"தெனமும் போடணும்."

"லீவு நாளுக்கும்?"

"ஆமா."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஞாயித்துக்கெழமையுமா?"

செல்வகனியும் புஷ்பமும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பிள்ளை பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழமையும் போடணும்" என்றேன்.

அவள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.